ரப்பர் தோட்டத்தில் தேடிய கை

நேற்று அலுவலகத்தில் மின்விசிறியின் வயர் கருகியது. எல்லோரும் ஜன்னல்களைத் திறக்க ஓடினார்கள். நான் மட்டும் எழுந்திருக்கவில்லை. கருகிய பிளாஸ்டிக் வாடை வந்தால் எனக்கு உன் நினைவுதான் வருகிறது. சாப்பாட்டு நேரத்தில் ஊசியை மெழுகுவர்த்தியில் பழுக்கக் காய்ச்சி, பொம்மையின் தோளில் நீ துளை போடும்போது இதே வாடைதான் எழும்.

நாம் இருவரும் நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்த காலம் அது. துபாயிலிருந்து உன் அண்ணன் விரல் நீள வீரர் பொம்மைகளைக் கொண்டுவருவார். நீ அவற்றை வந்தபடி வைத்திருந்ததே இல்லை. துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டு ஈர்க்கில் ஈட்டி கொடுப்பாய். தென்னை நாரில் சடைமுடி, கணவாய் மீனின் ஓட்டை உரசி மார்க்கவசம், சிப்பியில் கேடயம். அந்தச் சிப்பிகளெல்லாம் ஒரு பையில் என் மேசைக்கு அடியில் கிடக்கும். சைவ வீட்டில் வளர்ந்த என் மூக்கு அதற்குப் பழக வெகு நாளானது. கடையில் வாங்கியது நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன்.

"பிளாஸ்டிக்குக்கு வயசே ஆவாது மக்கா. நான் வைக்கதெல்லாம் வாடும், பொடியும். அப்பதான் அது ஆளு" என்றாய்.

சுனாமி வந்த ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் கடல் உன் ஊருக்குள் வந்தது. நீயும் வீட்டாரும் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நின்றதால் தப்பினீர்கள். வீடு போய்விட்டது. மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உங்கள் ஊர்க்காரர்களைத் தங்கவைத்திருந்தார்கள். நான் அரிசியும் துணியுமாக வந்தபோது, வகுப்பறைச் சுவரில் சாய்ந்து, மடியில் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். இடிந்த வீடுகளின் மணலைத் தள்ளும்போது கிடைத்ததாம். ஒரு கை இல்லாத வீரன். கரையில் பொறுக்கிய நண்டுக்கால் ஓட்டை அதன் தோளில் கையாகப் பொருத்தியிருந்தாய். பேச்சே நின்றுபோயிருந்த பிள்ளைகள் சிலர் உன்னைச் சுற்றி நெருங்கி வந்திருந்தார்கள். அவர்களுக்காகத்தான் செய்தாய் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் ஸ்டெல்லா அக்கா வந்தாள். உன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவள். அவளுடைய ஒரே மகனை அலை கொண்டுபோயிருந்தது. உடல் கிடைக்கவில்லை.

அவள் உன் மடியிலிருந்து பொம்மையை எடுத்தாள். நெஞ்சில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. நகப்பூச்சு. மகன் கேட்டான் என்று அவளே வைத்தது. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது எனக்க மோனுக்கது" என்றாள். பிறகு அந்தக் கையைப் பார்த்தாள். இது கடலிலிருந்து எடுத்ததா என்று கேட்டாள். நீ தலையாட்டினாய்.

"கடலுக்க சாமானை எனக்க பிள்ளைக்க மேல வைக்காதே."

அவள் சத்தம் போடவில்லை. பொம்மையை உன் மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள். நீ அந்த நண்டு ஓட்டைக் கழற்றினாய்.

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு குலசேகரத்துக்குப் பஸ் ஏறினாய். கடல் காற்றே படாத இடம் வேண்டும் என்றாய். இலை உதிர்ந்து கிடந்த ரப்பர் தோட்டத்தில் குனிந்து குனிந்து தேடினாய். நான் நீட்டிய சுள்ளிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாய். "இது பெரியாளு கை, மக்கா. அவனுக்கது சின்னக் கை" என்றாய். யாருக்கு, பொம்மைக்கா, அந்தப் பையனுக்கா என்று நான் கேட்கவில்லை. கடைசியில் முழங்கை போல இயல்பாகவே வளைந்த ஒரு சுள்ளி உன் கைக்கு வந்தது. அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அதைச் சீவினாய். ரப்பர் விதையின் ஓட்டைக் கீறி உள்ளங்கை வைத்தாய். அவ்வளவு அமைதியாக நீ வேலை செய்து நான் பார்த்ததில்லை.

ஸ்டெல்லா அக்கா அதை வாங்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையில் பொதிந்துகொண்டு திரும்பி நடந்தாள். அந்த வாரமே தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நான் பொம்மை செய்யதா நெனச்சேன். ஒரு பிள்ளையைத் தொட்டுட்டேன்" என்று என்னிடம் சொன்னாய். பிறகு நீ எதையும் செய்யவில்லை. மேசைக்கு அடியில் பை இல்லை. அண்ணனோடு துபாய்க்குப் போனாய். ஒவ்வொரு விடுமுறையிலும் ஸ்டெல்லா அக்கா எப்படி இருக்கிறாள் என்று விசாரிப்பாய். அவள் ஊருக்குத் திரும்பி வந்து புது வீட்டில் இருந்தாள். அந்தத் தெரு வழியாக நீ போகவே மாட்டாய். நான் போய்க் கேட்டு வரட்டுமா என்றால், வேண்டாம், அவளை விட்டுவிடு என்பாய்.

பிறகு ஒரு கோடையில், வேலை செய்யும் இடத்திலேயே உன் இதயம் நின்றுபோனது என்று அண்ணன் அழைத்தார். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து உன்னைப் பெட்டியில் கொண்டுவந்தோம்.

கல்லறைத் தோட்டத்தில் உன்னை அடக்கிவிட்டு எல்லோரும் கலைந்தபோது, ஸ்டெல்லா அக்கா மட்டும் கிழக்குச் சுவரோரம் நின்றிருந்தாள். நான் அவளிடம் போனேன். இத்தனை வருடம் நீ சுமந்ததைச் சொன்னேன். அவன்மேல் உங்களுக்கு அவ்வளவு கோபமா என்று கேட்டேன். அவள் என்னை விளங்காமல் பார்த்தாள்.

"அவன்மேல எனக்கு என்ன கோவம்? எனக்க மோனுக்குப் பெட்டி இல்ல, குழி இல்ல. பங்குச் சாமியார்ட்ட கெஞ்சிக் கேட்டு, அந்தப் பொம்மையைத்தான் இங்க அடக்கினேன். கை இல்லாம எப்படி மண்ணுல வைக்க? அவன்தான் கை வச்சுத் தந்தான்."

சுவரோரம் ஒரு சிறிய சிலுவை இருந்தது. அதற்குக் கீழே பூ வாடிக் கிடந்தது.

"அவனுக்குத் தெரியும்னுதான் இவ்வளவு நாளும் நெனச்சேன்" என்றாள்.

அவள் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று சில நாள் கோபம் வரும். உடனே அடங்கிவிடும். பிள்ளையைப் புதைக்கப் பொம்மையை எடுத்துப் போகிறவளுக்கு என்ன பேச்சு வரும்? நீயும்தான் கேட்டிருக்கலாம். அந்தத் தெரு உன் வீட்டிலிருந்து எவ்வளவு பக்கம்.

அவள் சொன்னதை நான் யாருக்கும் சொன்னதில்லை. உன் அண்ணனுக்கும் சொல்லவில்லை. அது உனக்கு வரவேண்டிய சொல். உன்னைத் தவிர யாரிடம் கொடுத்தாலும் அது வெறும் கதையாகிவிடும். இன்று உனக்கே எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்தும் அது என்னிடம்தான் இருக்கிறது.