ஆறு வயது என்று எழுதினேன்

மார்ச் 10, திங்கள்

இன்று ஒன்பது சிங்கம். நான்கிற்கு ஆம், ஐந்திற்கு இல்லை.

என் வேலையை பாகூரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. நான் கம்ப்யூட்டரில் மிருகப் படம் பார்த்துப் பொழுது போக்குவதாகத்தான் பக்கத்து வீட்டு கலியம்மாள் நினைக்கிறார். ஆப்பிரிக்காவில் சிங்க வேட்டைக்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த ஆண் சிங்கத்தைச் சுடலாம் என்பதற்கு விதி உண்டு. ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். குட்டிகளோடு இருக்கக் கூடாது. தகப்பன் செத்தால், அந்த இடத்துக்கு வரும் வேறு ஆண் சிங்கம் குட்டிகளைக் கொன்றுவிடும். சுடுவதற்கு முன் அங்கிருந்து படங்கள் வரும். வில்லியனூரில் ஒரு மாடி ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் வயது சொல்கிறோம். மூக்கு ரோஜா நிறமாக இருந்தால் இளசு. கறுக்கக் கறுக்க வயது.

ஒரு சிங்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் வெளிநாட்டு நிபுணரிடம் போகும்.

மூன்று வருடமாகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லித்தருகிறேன். "ஜெயசித்ரா மேடம் கண்ணுக்குத் தப்பாது" என்று டீம் லீடர் சார்லஸ் சொன்னால் எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது.

மார்ச் 12, புதன்

ஏம்பலத்திலிருந்து வரும் கல்பனா ஆறு மாதமாக என் பக்கத்து நாற்காலி. நான் பழக்கிய பெண். இன்று ஒரு சிங்கத்துக்கு நான் 'ஆறுக்கு மேல்' என்று போட்டேன், அவள் 'ஐந்துக்குக் கீழ்' என்று போட்டிருந்தாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. முந்தைய இரண்டிலும் நிபுணர் அவள் சொன்னதுதான் சரி என்றார்.

எழுந்துபோய் அவள் பின்னால் நின்றேன்.

"இன்னாடி பாத்த நீ? மூக்கு கறுப்பாத்தான இருக்குது."

"சேறு மாதிரி இருக்குதுக்கா. ஓரத்துல செவப்பு தெரியுது. அப்புறம் ஏழாவது படத்துல பின்னால குட்டி மாதிரி எதுவோ..."

"அது கல்லுடி. மாத்து."

அவள் மாற்றினாள்.

நான் நான்கு படத்தோடு நிறுத்தியிருந்தேன். ஏழாவதைத் திறக்கவே இல்லை. கல் என்று எப்படிச் சொன்னேன்?

மார்ச் 13, வியாழன்

ஏழாவது படத்தை இன்றைக்காவது திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

அன்று நாங்கள் ஆம் சொன்ன சிங்கத்தைச் சுட்டுவிட்டார்கள். அதன் பல் எக்ஸ்ரே வந்திருக்கிறது. நாலு வயது.

சார்லஸ் பெரிய திரையில் ஏழாவது படத்தைப் போட்டார். பின்னங்காலுக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிகள். ஒன்று நேராக கேமராவைப் பார்க்கிறது. கல்லாம்! எந்தக் கண்ணும் இதைக் கல் என்று சொல்லாது.

இந்நேரம் அந்தக் குட்டிகள் — வேண்டாம். வகுப்பெடுக்கும்போது இதை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 5, சனி

எங்கள் இருவரையும் சார்லஸ் கூப்பிட்டார். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது சிஸ்டத்தில் இருக்கிறது.

"மேடம், நீங்க தப்பா பாத்துட்டீங்க. மனுஷன்னா தப்பு வரும், அத நான் சொல்லி சமாளிச்சுக்குவேன். ஆனா இந்தப் பொண்ணு மொதல்ல சரியா போட்டுட்டு, உங்க ஸ்கிரீன பாத்து மாத்திக்கிது. தனித்தனியா பாக்கணும்ன்றதுதான் ரூலு. இத வுட முடியாது."

கல்பனா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். நான் மேசையில் இருந்த பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். "நான்தான் மாத்தச் சொன்னேன்." வாயில் வரவில்லை. வரவில்லையா, வரவிடவில்லையா?

மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாமாம்.

ஏப்ரல் 7, திங்கள்

காலி நாற்காலி. சார்லஸ் என்னிடம், "நீங்க டென்ஷன் ஆவாதீங்க மேடம்" என்றார். தேங்க்ஸ் சார் என்றேன். தேங்க்ஸ் சொன்னேன்!

ராத்திரி சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பில் மரியதாஸ், "எங்கியோ ஒரு மிருகம் செத்துதுன்னா நீ ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருக்கற?" என்று கேட்டார். கல்பனாவைப் பற்றியும் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அந்தப் பொண்ணு உன்ன காட்டிக் குடுக்கலியா?"

"இல்ல."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 10, வியாழன்

லீவு போட்டுவிட்டு ஏம்பலம் போனேன். கல்பனாவின் அப்பா பலராமன் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். 'ஆபீஸ் மேடமா' என்று தலைத்துண்டை எடுத்துக் கும்பிட்டார். என் அப்பா வயது இருக்கும். அந்தக் கும்பிடை எங்கே வைத்துக்கொள்வது?

கல்பனா வரப்பிலேயே நின்று பேசினாள். நான் வெயிலைப் பற்றிச் சொன்னேன், பஸ் கிடைக்காததைப் பற்றிச் சொன்னேன். அவள்தான் ஆரம்பித்தாள்.

"நீங்க சொல்லித்தான் மாத்துனேன்னு அங்கியே சொல்லியிருப்பேன். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"கல்பனா..."

"அது குட்டின்னு எனக்கு நல்லா தெரிஞ்சுதுக்கா. தெரிஞ்சும் மாத்துனேன் பாருங்க, அதுக்கு நான் யார போய் கேக்கறது?"

மன்னிப்பு கேட்டேன். என் காதுக்கே அது போதாமல்தான் ஒலித்தது. அவள் அம்மா அமுதம் மோர் கொண்டுவந்தார். குடிக்காமல் வந்தால் மரியாதை இல்லை. குடித்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

நடந்ததை முழுக்க எழுதி சார்லஸுக்கும் அந்த வெளிநாட்டு நிபுணருக்கும் மெயில் அனுப்பினேன். நான்கு படம்தான் பார்த்தேன். ஏழாவதைத் திறக்காமலே கல் என்றேன். மாற்றச் சொன்னது நான். அவள் முதலில் போட்டது சரி. இரண்டு முறை தோற்றதில் எனக்கு ரோஷம், அதனால்தான் — இதையும் எழுதினேன். அந்த வரியைத்தான் அதிக நேரம் அழித்து அழித்து எழுதினேன்.

ஏப்ரல் 16, புதன்

சார்லஸ் போன் செய்தார். "இன்னா மேடம் இப்படி பண்ணிட்டீங்க? என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம் இல்ல?" எனக்கும் இனி வேலை இல்லையாம். ஆபீஸுக்குப் போய் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

கல்பனாவிடமிருந்து மெசேஜ். 'திரும்ப கூப்பிட்டாங்க. நாளைக்கு ஜாயின் பண்றேன்.'

அவ்வளவுதான். அக்கா என்று இல்லை.

மே 5, திங்கள்

சேதராப்பட்டு கம்பெனியில், காலை ஷிப்டில் முதல் நாள். பெல்ட்டில் வரும் பிளாஸ்டிக் மூடிகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. டீ நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த காசம்மாள், "இதுக்கு முன்னாடி இன்னா வேல பாத்த?" என்று கேட்டாள்.

"சிங்கத்துக்கு வயசு பாத்தேன்."

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு நிறுத்தியிருக்கலாம்.

"அத ஏன் வுட்டுட்ட?"

"பாக்காமலே ஒரு சிங்கத்த சுடலாம்னு சொல்லிட்டேன். பழிய இன்னொரு பொண்ணு மேல போவ வுட்டேன்."

சிரிப்பு நின்றது. நான் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். காசம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சற்றுத் தள்ளி உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டாள்.

"டீ ஆறுது. உக்காந்து குடி."