பிரபுவுக்கு ஒன்று, ஆயருக்கு ஒன்று

1243, புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

நேற்று தின்ற வாத்துக்கறி இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. விருந்துக்கு நடுவில் அக்கரை ஆயரின் பாதிரியார் வந்துவிட்டார். ஆட்டுக்குட்டி பிரிக்க வந்தவரைப் போல நிதானமாகப் பேசினார். "நீங்க உங்க பிரபுவோட ஆளு, உங்க சம்சாரம் ரிக்கென்ஸா எங்க ஆயரோட ஆளு. அவங்க பெத்ததுல பாதி எங்களுக்கு. இத்தனை வருஷம் சும்மா இருந்தோம், அவ்வளவுதான்."

எனக்குப் பிள்ளைகள் இரண்டு. வுல்ஃப்கருக்குப் பதினொன்று, யூட்டாவுக்கு ஏழு. பாதி என்றால் ஒன்று. நாளைக்குக் குதிரை ஏறி வாள் பிடிக்கப் போகிறவனைப் பிரபு விடமாட்டார்.

அப்படியானால் யூட்டா.

புனித எலிசபெத் திருநாள்

தப்பு என்னுடையதுதான். எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருஷம் முன்பு, கல்யாணத்தின்போதே பிரபு வழி சொன்னார். ரிக்கென்ஸாவுக்கு மாற்றாகத் தன் ஆட்களில் ஒரு பெண்ணை ஆயருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அதற்கு நான் சபையில் மண்டியிட்டு, சாட்சிகள் முன்னால், "நான் பிரபுவின் உடைமை" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். நான் சொல்லவில்லை. எனக்குக் கோட்டை இருக்கிறது, முத்திரை இருக்கிறது, பிரபுவின் கிண்ணத்தில் முதல் வாய் ருசி பார்ப்பவன் நான். என்னைக் கண்டால் மூன்று ஊர் தொப்பியைக் கழற்றுகிறது. நானா உடைமை? நான் பிறவியிலேயே பிரபுவுக்கு அடிமைப்பட்டவன் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் வாயால் சொல்ல மாட்டேன் என்று வீம்பு பிடித்தேன்.

பெரிய வீரன்!

திருவருகைக்கால இரண்டாம் ஞாயிறு

பிரபு வேட்டையில். கேட்க முடியவில்லை.

புனித தோமா திருநாள்

இன்று ரிக்கென்ஸா கேட்டுவிட்டாள். "அன்னைக்கு ஒரு தடவை முட்டி போட்டிருந்தா தேய்ஞ்சா போயிருப்பீங்க?" வயிற்றில் மூன்றாவது பிள்ளையோடு நின்றுகொண்டு கேட்கிறாள்.

சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை சொல்லிவிடுகிறேன்.

புனித ஸ்தேவான் திருநாள்

சொல்லிவிட்டேன்.

சபை நிறைந்திருந்தது. கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் பிரபுவின் முன் மண்டியிட்டேன். "நான் உங்க உடைமை, பிரபு. என் மகளை எனக்கு விட்டுக்குடுங்க. அவளுக்கு மாத்தா வேற யாரையாவது ஆயருக்குக் குடுங்க."

குதிரை லாயத் தலைவன் டீட்மார்தான் முதலில் சிரித்தான். "கோட்டை கட்டிக் கொடி ஏத்தினவரே, தரை சில்லுன்னு இருக்குமே, பாத்து!" அவனும் உடைமைதான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

பிரபு சிரிக்கவில்லை. அன்பாகத்தான் பேசினார், அதுதான் தாங்க முடியவில்லை. "ஓர்டோல்ஃப், இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேன். இப்ப ஆயர்கூட எனக்கு எல்லைத் தகராறு. அவரைச் சமாதானம் பண்ணணும். நீ என் உடைமைன்னு நீயே சொல்லிட்ட. அப்ப உன் பிள்ளைங்களைப் பத்தி நான்தானே முடிவு பண்ணணும்? பையன் எனக்கு. பொண்ணு அவருக்கு. இனிமே பிறக்கிறதும் மாறி மாறி."

எழுத்தர் அங்கேயே எழுதினார். மூன்றாவது பிரபுவுக்கு, நான்காவது ஆயருக்கு.

சொல்லாமல் இருந்திருந்தால் வாதாடவாவது ஒரு வாய் இருந்திருக்கும். அன்று சொல்லாதது தப்பு, இன்று சொன்னது தப்பு. கடவுளே, நான் எப்போதுதான் சரியாகப் பேசுவேன்?

மெழுகுவர்த்தித் திருநாள், 1244

கொண்டுபோய்விட்டார்கள்.

ஆயரின் ஆட்களில் ஒருவர் வீட்டில் வளர்வாள், அங்கேயே கட்டிக்கொடுப்பார்களாம். நல்ல குடும்பம் என்கிறார் பாதிரியார். இருக்கட்டும். என் வீடு கெட்ட குடும்பமா?

யூட்டா அழவில்லை. மூட்டை கட்டும்போது என்னைத்தான் கேட்டாள். "அப்பா, அடுத்த குளிருக்கும் ரோமச் சட்டை எடுத்துக்கவா? இல்ல அதுக்குள்ள வந்துடுவேனா?"

"எடுத்துக்கோம்மா" என்றேன். படகு அக்கரை சேரும்வரை வுல்ஃப்கர் கரையில் நின்றான். நான் நிற்கவில்லை. பிரபுவுக்கு மதிய உணவு நேரம்.

சாம்பல் புதன்

செத்துப்போகலாம் போலிருக்கிறது. கிண்ணத்தில் முதல் வாய் குடிக்கும்போது, இதில் ஏதாவது கலந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். ஒன்றும் கலந்திருக்கவில்லை. நல்ல திராட்சை ரசம்.

பாஸ்கா கழிந்த இரண்டாம் வாரம்

யூட்டாவைப் பார்க்க அனுமதி கேட்டிருந்தேன். குழந்தை இப்போதுதான் பழகுகிறாள், கலைக்க வேண்டாம் என்று பதில் வந்தது.

புனித யோவான் திருநாள்

விடிந்ததும் பிள்ளை பிறந்தது. பெண். மருத்துவச்சி துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். யூட்டாவின் அதே மூக்கு.

ரிக்கென்ஸா கண் திறந்து, ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. "இது யாரு பங்கு?" என்றாள்.

"பிரபுவோடது."

"அப்ப நம்மகூடவே இருக்கும்."

"இருக்கும்" என்றேன். சந்தோஷமாகவே சொன்னேன், வெட்கமாக இருக்கிறது.

அவள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்தது ஆயரோடது. உங்க படுக்கையை மேல் அறையில போடச் சொல்லிட்டேன். இனிமே அங்கேயே இருந்துக்கோங்க" என்றாள்.

மாற்றிவிட்டார்கள். இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன்.