உங்கள் போனில் நான் பேசினேன்

என் பிரியமான செல்வராஜண்ணா,

இன்னும் நம்ப முடியவில்லை. முந்தின நாள் சாயங்காலம் துறை அறையைப் பூட்டிச் சாவியை என் கையில் போட்டு, "நாளைக்கு நீ முன்னாடி வந்துரு, எனக்குக் கொஞ்சம் லேட்டாகும்" என்றீர்கள். விடிந்தும் விடியாமலும் ஒரு போன். பால் வாங்கப் போன செல்வராஜ் சார் வாசலிலேயே சாய்ந்துவிட்டாராம். எந்தச் செல்வராஜ் என்று கேட்டேன். நீங்கள்தான் என்று எப்படி அண்ணா எடுத்துக்கொள்வது?

புதுச்சத்திரத்தில் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சட்டைப் பையில் பேனா இல்லாத உங்களை அன்றுதான் பார்த்தேன். அழுகை வரவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்போதுதான் சுரீர் என்றது. இன்றைக்குப் பரீட்சை. நந்தினியை யார் எழுப்புவது?

இளம்பிள்ளையில் ராத்திரியெல்லாம் அப்பாவோடு சேர்ந்து தறி ஓட்டிவிட்டு விடியற்காலையில் படுக்கிற பிள்ளை. கணக்கில் ஒரே ஒரு அரியர். இதுதான் கடைசி வாய்ப்பு, விட்டால் பட்டம் கிடையாது. பரீட்சை நாளில் இப்படிப்பட்ட பிள்ளைகளை நீங்களே போன் போட்டு எழுப்புவீர்கள். நம் பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு அலாரம் சார் என்று பெயர். பெற்றவர்கள் பார்க்க வேண்டிய வேலையை வாத்தியார் எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறார் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

"தறிச் சத்தத்துல தூங்கிப் பழகுன புள்ளப்பா அது. வேற எதுக்கும் எந்திரிக்காது, என்ற போனுக்குத்தான் எந்திரிக்கும்" என்பீர்கள், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் நம்பர் என்னிடம் இல்லை. அண்ணியிடம் போய் உங்கள் போனைக் கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற காரியமா அது? அழுது வீங்கிய முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "பரீட்சைங்களா?" என்று மட்டும் கேட்டு, போனைத் திறந்தே கொடுத்தார்கள்.

கொல்லைப்புறம் போய் அழைத்தேன். விஷயத்தைச் சொல்லி, இருந்தாலும் நீ போய் எழுது என்று தைரியம் சொல்வதாகத்தான் இருந்தேன்.

"எந்திரிச்சுட்டனுங்க சார்."

நீங்கள்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்துவிட்டாள். சொன்னால் பரீட்சைக்கா போவாள்? நேராக இங்கேதான் ஓடி வருவாள்.

"கெளம்பு சாமி" என்றேன். உங்கள் வார்த்தை, உங்கள் இழுவை. எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"குரல் ஒரு மாதிரி இருக்குதுங்களே சார். சளி புடிச்சிருக்குதுங்களா?"

"ஆமா."

"சுடுதண்ணி குடிங்க சார். நான் கெளம்பறனுங்க" என்று வைத்துவிட்டாள்.

உங்களை அனுப்பிவிட்டுச் சுடுகாட்டிலிருந்து நாங்கள் திரும்பியபோது பந்தலில் உட்கார்ந்திருந்தாள். ஹால் டிக்கெட் இன்னும் கையில் இருந்தது. பரீட்சை முடிந்து வெளியே வந்த பிறகுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பஸ் பிடித்து வருவதற்குள் உங்களை எடுத்தாகிவிட்டது. பொம்பளைப் பிள்ளை சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்று அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"ஏனுங்க சார், சாருக்கு எந்நேரமுங்க ஆச்சு?"

"விடியக்காலம் சாமி."

அவள் முகம் வெளுத்துப்போனது. "அப்ப காலைல எங்கிட்டப் பேசுனது ஆருங்க?"

 அதுவரை நான் செய்ததை ஒரு சமாளிப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

"நான்தான்" என்றேன்.

அவள் அழவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கறனுங்க. ஆனா கடைசியா ஒருக்கா மூஞ்சியப் பாக்க உடலீங்களே சார்."



நேற்று ரிசல்ட் வந்தது அண்ணா. நந்தினி பாஸ். சொல்லலாம் என்று என் போனிலிருந்து அழைத்தேன், எடுக்கவில்லை. நீங்களாக இருந்தால் உண்மையைச் சொல்லியே அவளைப் பரீட்சைக்கு அனுப்பியிருப்பீர்களோ? எனக்கு அது வரவில்லை. அந்தக் காலை இன்னொரு தடவை வந்தாலும் அதையேதான் செய்வேன் என்று தோன்றுகிறது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அடுத்த பரீட்சை நெருங்கிவிட்டது. உங்கள் பிள்ளைகளின் நம்பரையெல்லாம் அண்ணி எனக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தனை பேரையும் எழுப்புவேன், ஒருத்தரையும் தூங்க விடமாட்டேன். ஆனால் கிளம்பச் சொல்வதற்கு முன்னால், பேசுவது யார் என்று சொல்லிவிடுவேன் அண்ணா.

உங்கள் தம்பி,
குமரேசன்