நம் வீட்டு உத்தரத்தில் ஒரு புகை அலாரம்

என் செல்ல அப்பாவுக்கு,

நம் வீட்டில் இப்போது வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். வீட்டுக்கார அண்ணாச்சி சுவரில் படிந்த கரியைச் சுரண்டி, இரண்டு முறை வெள்ளையடித்து, வாடகைக்கு விட்டுவிட்டார். நானும் அம்மாவும் அவருடைய ஆறு வீட்டு வரிசையிலேயே கடைசி வீட்டுக்கு மாறிவிட்டோம். வந்திருப்பது அச்சங்குளத்துச் செல்வி அக்கா, அவள் புருஷன், நடக்கப் பழகும் ஒரு பிள்ளை. அந்த அண்ணனுக்கும் உங்களைப் போலப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலைதான். உங்க மூக்கு இன்னும் வேலை செய்யுதா அண்ணே என்று கேட்க நினைப்பேன். வாய் வராது.

உங்களுக்கு அது எப்போது போனது? கந்தக நெடியிலேயே கிடந்து, கருவாடும் மல்லிகைப் பூவும் உங்களுக்கு ஒன்றாகிவிட்டன. "பால் அடிப்பிடிக்குதா பாரு தாயி, எனக்கு இருக்கிற மூக்கு கண்ணாடி மாட்டத்தான்" என்று சிரிப்பீர்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று, வெடிக்கான காகிதக் குழாய்களை வீட்டிலிருந்தே சுற்ற ஆரம்பித்த பிறகு, நாள் முழுக்க உங்கள் மூக்கு நான்தான்.

அன்றைக்கு மதியம் தண்ணீர் லாரி வந்தது. வெயிலுக்குப் பயந்து வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்து நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அனல் அடிக்கக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுக் குடத்தோடு போனேன். மூலையில், சுவிட்சுப் பெட்டிக்கு அடியில், காகிதக் கட்டுகள் இருந்தன. வயர் கருகி அந்தக் காகிதம் புகைந்திருக்கிறது. நெருப்பு உங்களைத் தொடவே இல்லை அப்பா. புகைதான். விழித்தீர்களா? என்னைக் கூப்பிட்டீர்களா?

கம்பெனியில் நீங்கள் நின்ற அறைக்கு எதிரெதிரே வாசல்கள். வெளியே மணல் வாளி, தண்ணீர்த் தொட்டி. கேட்டில் பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அங்கே அம்புட்டு வருஷம் பத்திரமாக இருந்துவிட்டு, ஒரே வாசல் உள்ள வீட்டில் காகிதத்துக்குப் பக்கத்தில் வந்து படுத்தீர்கள். அதை ஒரு நாளாவது நாம் யோசித்தோமா?

செல்வி அக்காவும் குழாய்தான் சுற்றுகிறாள். கட்டுகளை அதே மூலையில் அடுக்கியிருக்கிறாள். தெருவில் போகும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும். வீட்டுக்கு வந்து குழாய் சுற்ற உட்கார்ந்தால் கை ஓடாது.

குழாய் சுற்றக் காகிதம் தருவதும் அண்ணாச்சிதானே. போன மாதம் அதை வாங்க அவர் குடோனுக்குப் போனபோது, மேலே வட்டமாக, வெள்ளையாக ஒன்று சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. லோடு இறக்கும் அண்ணனிடம் கேட்டேன். "புகை பட்டா ஊரையே கூட்டிரும். இன்சூரன்ஸ்காரக வைக்கச் சொன்னாக" என்றார். மூன்று முறை போய் அண்ணாச்சியிடம் கேட்காமலே திரும்பி வந்தேன். நான்காம் முறை, அவர் செருப்பைப் பார்த்தபடியே கேட்டேன்.

"அண்ணாச்சி, நம்ம ஆறு வீட்டுக்கும் புகை அலாரம் வேணும்."

"வாடகை வீட்டுக்கா? எந்தச் சட்டத்துல தாயி இருக்கு?"

"தெரியாது அண்ணாச்சி. குடோனுக்கு வச்சிருக்கீகளே."

"குடோன் வேற. அங்க அம்புட்டும் காயிதம்."

"எங்க வீட்லயும் உங்க காயிதம்தான் இருக்கு."

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.  அவர், "மாட்டித் தாரேன். ஆனா உங்கப்பா அந்த வீட்ல செத்த விசயத்தை வாயில எடுக்கக் கூடாது, மத்த வீட்லயும் சொல்லி வச்சிருக்கேன். ஆள் ஓடிருவாக. அப்புறம் நீங்களும் வேற வீடு பாக்க வேண்டியிருக்கும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆறு வீட்டிலும் மாட்டினார்கள். முதல் வெள்ளிக்கிழமையே சாம்பிராணிப் புகைக்கு ஆறும் அலறின. "சாமிக்கே ஆகாத சாமானை எங்கேருந்துடி பிடிச்ச?" என்று பக்கத்து வீட்டு அத்தை ஏசினாள். மறுநாள் செல்வி அக்கா வீட்டு அலாரத்தில் விளக்கு சிமிட்டவில்லை.

"பிள்ளை வீறிட்டு அழுகுறான் மாரி. ஒரு செல்லை உருவிக் கடிகாரத்துல போட்டுட்டேன். அதாச்சும் ஓடட்டும்" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லாரி, குடம், நான் சாத்திய கதவு.

"எங்கன படுத்திருந்தாக?" என்றாள். காட்டினேன். பிள்ளையின் பாய் அங்கேதான் விரித்திருந்தது.

"ஏன் மொதல்லயே சொல்லல?"

"அண்ணாச்சி சொல்லக் கூடாதுன்னாக."

"அவுக சொன்னாக, சரி. நீ தினம் என் வாசலைக் கடந்துதான போன?"

 இதற்கு உங்களிடமாவது பதில் இருக்கிறதா அப்பா?

அவள் ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினாள். செல்லை என் கையில் வைத்து, "நீயே போடு" என்றாள். போட்டுப் பொத்தானை அமுக்கினேன். அலறியது. "எவ வீட்ல தீ?" என்று அத்தை கத்தினாள். "தீ இல்லத்தே, சோதிச்சுப் பாக்கோம்" என்று நானும் கத்தினேன். என் குரல் தெருவுக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு இருவரும் காகிதக் கட்டுகளைத் தூக்கி வெளியே சாய்ப்புக் கூரையின் கீழ் அடுக்கினோம்.

செல்வி அக்கா இருப்பாளா, காலி செய்வாளா, இன்னும் சொல்லவில்லை. அண்ணாச்சி காதுக்கு இந்நேரம் எட்டியிருக்கும். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுகிறேன். அம்மா மட்டும், "போகச் சொன்னா போவோம்" என்று சோற்றைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

இங்கே இருக்கும் வரை, வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடும் முன் ஆறு வீட்டுக் கதவையும் தட்டி, ஆறு பொத்தானையும் நானே அமுக்குவேன். ஏசினால் ஏசட்டும். எங்கே போனாலும், தூங்குகிறவர்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தும் முன் ஒரு நிமிஷம் நின்று மோந்து பார்ப்பேன். இது சத்தியம் அப்பா.

உங்கள் மூக்காக இருந்த மகள்,
மாரீஸ்வரி