லிஃப்ட் அல்ல, கேஜ்

ஒக்கலிபுரம்,
14.3.2001

அன்புள்ள அப்பாவுக்கு, சங்கமித்ரா வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீர்தானே குடிக்கிறீர்கள்?

கம்ப்யூட்டர் வகுப்பில் ஆளுக்கொரு படம் வரையும் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். நீங்கள் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தின் கேஜ் கூண்டு, ஆட்களோடு குழிக்குள் இறங்குவதுபோல் எழுதினேன். ஆனால் திரையின் அடியைத் தாண்டியதும் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிடும். எங்கே நிற்கவேண்டும் என்று நான் எழுதவே இல்லை என்பது நேற்று ராத்திரிதான் பிடிபட்டது, இன்னும் திருத்தவில்லை.

எங்கள் லேபில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஃபிளாப்பி. என்னோடு உட்காருபவள் என் அறைத்தோழி தர்ஷினி. இன்று சார் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார். அவள் என் படத்தைப் போட்டுக் காட்டினாள்.

“என்னம்மா இது?”

“அபார்ட்மென்ட் லிஃப்ட் சார். நானே பண்ணேன்.”

லிஃப்டாம்! கேஜ் அடிக்குப் போனது, கம்ப்யூட்டர் உறைந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் உள்ளே ஆட்கள் இருக்கிறார்களே அப்பா! எழுந்துபோய் ஒரு வரி சேர்த்தேன். கேஜ் பத்திரமாக நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள், அவளுக்கு.

“ஹெல்ப்புக்கு தேங்க்ஸ்பா” என்றாள்.

பெரிய விஷயமில்லை. வேறு எழுதிக்கொள்வேன். என் பெட்டிக்கு ஒரு சின்னப் பூட்டு மட்டும் வாங்கி அனுப்புங்கள். தபால் எடுக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
சங்கமித்ரா

பி.கு: அம்மா வழக்கம்போல் முறுக்கை இரண்டு பொட்டலமாகக் கட்ட வேண்டாம். ஒன்று போதும்.