எழுபது வருடப் புத்தகத்தில் ஒரு கை

பலெர்மோ,
மார்ச் 9.

அன்பு மகன் சுஜனுக்கு அம்மா எழுதுவது,

அப்பாவும் நானும் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்கிறேன். உன்மேல் கோபம் வந்தும் அந்த மன்றாட்டை நிறுத்தவில்லை. போனில் சொன்னால், "பிறகு கதைக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வேலை செய்கிற ஹாமர்ஸ் விளையாட்டு அணியின் எழுபது வருட வரலாற்றுப் புத்தகம் கிடைத்தது. தயாரித்தவர்கள் வரிசையில் உன் பெயரைக் கண்டதும் அழுதுவிட்டேன். பிறகு பக்கங்களைப் புரட்டினேன். அருவருப்பாக இருக்கிறது, மகன். இதைவிட நல்ல சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

சின்யோர் கலோஜெரோ உனக்கு யாரோ அல்ல. லிபெர்த்தா தெருவில் அவர் வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது உனக்கு ஆறு வயது. நான் சமைக்க, அவருடைய குசினி மேசையில்தான் நீ இத்தாலியன் எழுதப் பழகினாய். அமெரிக்காவில் ஓர் ஆலை நகரத்தில் அவர் இருபத்தாறு வருடம் ஹாமர்ஸ்காரரின் சட்டை தோய்த்த கதையை எத்தனை தரம் கேட்டிருப்பாய்! அணியின் முதலாளி புது மைதானத்துக்கு ஆசைப்பட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் அணியைத் தெற்கே வேறொரு நகரத்துக்குக் கொண்டுபோனார். தோய்த்து மடித்த சட்டைக் கூடையோடு காலையில் போன இவர், பூட்டிய கேட்டைத்தான் கண்டார். அதில் ஒரு சட்டை இன்னும் இவரது அலுமாரியில் இருக்கிறது.

அந்த நகரத்தில் அணி முப்பத்தொரு வருடம் விளையாடியது. உங்கள் புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. அங்கே வென்ற இரண்டு கிண்ணங்கள் மட்டும் இருக்கின்றன, தெற்கு நகரத்தின் பெயரோடு. படங்களில் செங்கல் நிறச் சட்டைகளை இப்போதைய நீலமாக்கியும் விட்டீர்கள். கேட்டதற்கு, "ஒபிசிலை அப்பிடித்தான் செய்யச் சொன்னவை, அம்மா" என்றாய். களவுக்கு ஒபிஸ் வைத்து நடத்துகிறார்களா?

பிழை என்னிடமும் இருக்கிறது. நீ அவருடைய பழைய படங்களை ஸ்கான் பண்ணி அனுப்பச் சொன்னாய். நானோ, நம்முடைய ஆட்கள் செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குக் கொடுப்பதுபோல, அல்பத்திலிருந்து உரித்தெடுத்து அசலையே அனுப்பினேன். அச்சடித்ததும் திரும்பி வரும் என்று அவருக்கு வாக்கும் கொடுத்தேன். நினைவு மலரில், கோபித்துக்கொண்டு கதைபேச்சில்லாத சித்தப்பாவின் பெயரைக்கூட நாங்கள் விடமாட்டோம். அந்த நம்பிக்கைதான். இப்போது அவை அணியின் சொத்தாம், தரமாட்டார்களாம்.

அவருக்கு எண்பத்தெட்டு வயது. ஒரு கண் தெரியாது, மற்றதும் மங்குகிறது. தினமும் காலையில் தபால் வந்ததா என்று கேட்கிறார். சுங்கத்தில் நிற்கிறது என்று பொய் சொல்கிறேன். புத்தகம் என் வீட்டில் அரிசி வாளிக்குப் பின்னால் கிடக்கிறது. அதைக் கொண்டுபோய்க் காட்ட எனக்கு முகமில்லை.

அப்பா இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேசையில் உன் பெயரை எடுக்கவில்லை. பிரான்காச்சோவிலிருந்து வந்த கேசிகா அக்கா, மகன் புத்தகம் போட்டிருக்கிறானாமே, காட்டு என்றார். இன்னும் வரவில்லை என்று அவருக்கும் பொய்தான் சொன்னேன்.

நாற்பத்தெட்டாம் பக்கத்தை எடுத்துப் பார். கிண்ணத்தோடு நிற்கும் வீரர்கள். ஓரத்தில் ஒருவரின் தோளில் ஒரு கை மட்டும் இருக்கிறது. கைக்குரியவரை வெட்டிவிட்டீர்கள். சலவைச் சோடாவில் வெந்து நகம் கறுத்த அந்தக் கை யாருடையது என்று தெரியாமல் வெட்டினாய் என்று நம்பப் பார்க்கிறேன், முடியவில்லை. உன் விரலைப் பிடித்து உன் பெயரை எழுதவைத்த கை அது.

ஈஸ்டர் ஞாயிறோடு வரும் பாஸ்கா விடுமுறைக்கு வா. படங்களை எப்படியாவது கேட்டு வாங்கி வா. என்னிடம் தராதே, அவர் கையிலேயே கொடு. அவருக்குக் கண் தெரிகிற நாட்களுக்குள் வா, ராசா. ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக.

உன் அம்மா,
யோசப்பின்