பலகை மேல உக்கார ஆளு வேணும்

கிளியூர், ஏற்காடு
2.6.1986

அன்பு மக வள்ளிக்கு அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் புனேவுல ஒரு கொறையும் இல்லாம இருக்கோணும்னு சேர்வராயனைக் கும்பிட்டுக்கறேன். இங்க உங்கய்யன் காலுப் பெருவிரலைத் தவிர மத்ததெல்லாம் சுகம். பயந்துக்காத கண்ணு, கல்லு விழுந்து வீங்கியிருக்குது, அவ்வளவுதான். அந்தக் கதையச் சொல்லத்தான் உக்காந்தேன், சிரிப்புல எழுத்து கோணலா வருது.

போன கடுதாசிய நான் அழுதுக்கிட்டே எழுதினேன், உனக்கு விவரம் புரிஞ்சிருக்காது. நம்மூட்டு மரக் கடைசல் பட்டறை தரையில நட்டது, நான் கயிறு இழுத்துச் சுத்தோணும், அவரு உளி புடிக்கோணும், உனக்குத் தெரியாததா. சனங்க கண்ணு முன்னால கடைஞ்சு குடுத்தா பம்பரமும் மத்தும் நல்லா விக்கும், தூக்கிட்டுப் போற மாதிரி சின்ன மெஷின் ஒண்ணு இருந்தா ஊர் ஊரா திருவிழாவுக்குப் போலாம்னு என்னையும் கூட்டிக்கிட்டு சேலம் போனாரு. முதல்ல பார்த்தது கரண்டுல ஓடறது, திருவிழாக் கடையில கரண்டுக்கு எங்க போறது. அடுத்தது முழுக்க இரும்பு, அதப் பஸ்ஸுல ஏத்தினா கண்டக்டர் நம்மளயும் சேர்த்து இறக்கி விட்டுருவான். கடைசியா ஜேசுதாஸ்னு ஒருத்தரு பட்டறையில இருந்துச்சு இது. முழங்கால் உசரத்துக்கு மடக்கற காலு நாலு, மேல நீளப் பலகை, ஒரு முனையில கட்டையப் புடிச்சுச் சுத்தற இரும்பு, கீழ தையல் மெஷின் மாதிரி மிதி. உங்கய்யன் ஒத்தக் கையில தூக்கிப் பார்த்துட்டு குதிச்சாரு. நொம்ப லேசா இருக்குதுங்க, மிதிச்சா ஆடுமுங்கன்னு நான் சொன்னேன். இந்த மனுசன் கேட்டாத்தானே. இனிக் கயிறு இழுக்க ஆளு வேண்டியதில்ல, நான் ஒத்தையில போயிட்டு வந்துருவேன், நீ ஊட்டுல சும்மா இருன்னுட்டாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து கயிறு இழுத்தவளைப் பார்த்து சும்மா இருன்னு சொல்றது ஒரு பேச்சா? அந்த ஆத்தாமையிலதான் நான் இங்க வேண்டாத ஆளாயிட்டேன், ரயில் டிக்கெட் எடு, உங்கூடயே வந்து இருந்துக்கறேன்னு எழுதினேன்.

கோடை விழாவுல கடை போட எடம் கெடைச்சுது, சிமெண்டுத் தரை. மத்தியானம் சோத்துப் போசியத் தூக்கிக்கிட்டுப் போறேன், கடை முன்னால ஒரே கூட்டம், எல்லாருஞ் சிரிக்கறாங்க. என்னடான்னு பார்த்தா, மிதிக்க மிதிக்க மெஷின் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளித் துள்ளிப் போகுது, உங்கய்யன் உளியோட பின்னாலயே போறாரு! சிமெண்டுல முளை அடிக்கவும் வழியில்ல. பலகை மேல கல்லத் தூக்கி வெச்சாரு, அது நகந்து நகந்து வந்து அவரு விரல்லயே விழுந்துச்சு. காலையில இருந்து ஒரு பம்பரம் உருப்படியா வரல, மூஞ்சி சுண்டிப் போச்சு. எனக்கே பாவமா இருந்துச்சு. போசிய வெச்சேன், சேலைய எடுத்துச் சொருகினேன், பலகையோட காலி முனையில ஜம்முன்னு ஏறி உக்காந்தேன். அவரு காலுதான் வீங்கிப் போச்சே, மிதியவும் நானே மிதிச்சேன். மெஷின் அசையோணுமே! குண்டு குண்டுன்னு எத்தனை வருசம் கேலி பண்ணினாரு, நல்லா வேணும். காப்பிக் கட்டையில சீவல் சுருள் சுருளாப் பறக்குது, சின்னப் பசங்க அதுக்கு அடிச்சுக்கறாங்க. அவரு டீ குடிக்கப் போன நேரம் நானே உளியப் புடிச்சு ஒரு பம்பரம் கடைஞ்சுட்டேன், அதுக்குத்தான் போட்டி. பொழுது சாயறதுக்குள்ள கட்டை பூராத் தீந்து போச்சு. மாரமங்கலத்துக்காரங்க அங்கயே எங்க ஊருத் திருவிழாவுக்கும் வாங்கன்னு கூப்புட்டுட்டாங்க.

குட்டிக்குச் சளின்னு எழுதியிருந்தியே, மிளகு அனுப்பறேன், கசாயம் வெச்சுக் குடு. அவளுக்குன்னு ஒரு கிலுகிலுப்பையும் கடைஞ்சு வெச்சிருக்கறேன். மாப்பிள்ளைய வெளிச் சாப்பாடு கொறைச்சுக்கச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லாத.

நேத்து மாரமங்கலம் திருவிழாவுக்குப் போயிட்டு வந்தோம், ஒண்டிக்கடை ஸ்டாப்புல பஸ் ஏறினோம். மெஷின் சீட்டுக்கடியில சமத்தாப் போயிருச்சு. கண்டக்டர் வந்தான். நான் முந்தானையில முடிஞ்ச காச அவுக்கறதுக்குள்ள உங்கய்யனே ரெண்டு டிக்கெட்டுன்னு கேட்டாரு. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம நூறு வருசம் நல்லா இருக்கோணும். மறக்காம அந்த ரயில் டிக்கெட்ட ரத்துப் பண்ணிரு சாமி. எனக்கு இங்க வேலை இருக்குது.

இப்படிக்கு,
பலகை மேல உக்காந்திருக்கற உன் அம்மா
மருதாயி